பழைய பம்ப் ஷாட்கன் வாங்கி வான்கோழி வேட்டைக்குப் போகலாமா?

கேள்வியின் சுருக்கம்: கேட்பவர் வட கரோலினாவில் வேலை பார்க்கிறார், எச்-1பி விசா. ஏப்ரலில் வான்கோழி வேட்டைக்குப் போக ஆசை. ஊர் அடகுக் கடையில் ரெமிங்டன் 870 விங்மாஸ்டர் ஒன்று, 12 கேஜ் (கேஜ் என்பது குழல் அகலத்தின் அளவு), 300 டாலர். குழல் 28 அங்குலம், அதில் 'ஃபுல்' என்று பொறித்திருக்கிறது. சீரியல் எண் 'வி' எழுத்தில் முடிகிறது. அதே கடையில் மாஸ்பெர்க் 500 ஒன்று 250 டாலருக்கு இருக்கிறது. விங்மாஸ்டரில் 3 அங்குலத் தோட்டாவும் போகும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது, எதைப் பார்ப்பது?

கடைக்காரர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது தவறு. 870-இன் சீரியல் எண் 'வி' என்று முடிந்தால் அந்த ரிசீவர் (தோட்டாவை ஏற்றி இறக்கும் செயலமைப்பு இருக்கும் உலோக உடல்) 12 கேஜ், 2¾ அங்குலத் தோட்டாவுக்கானது. 3 அங்குல மேக்னம், அதாவது கனமான தோட்டாவுக்கான ரிசீவர் என்றால் 'எம்' என்று முடியும். தோட்டா 'போகும்' என்பது உண்மைதான், ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. தோட்டாவின் நீளம் சுட்டபின் வாய் விரிந்த நிலையில் அளக்கப்படுவது. சுடாத 3 அங்குலத் தோட்டாவின் வாய் உள்ளே மடிந்திருப்பதால் அதன் நீளம் 2¾ அங்குலத்துக்கும் குறைவு. 2¾ அறைக்குள் அது சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லை. குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் போய் முட்டும். ரவையும் அதன் பின்னிருக்கும் அடைப்பும் அந்த இடுக்கு வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும், அறையின் அழுத்தம் தாறுமாறாக ஏறும். பத்து முறை ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். அதை நம்பிப் பதினோராவதைச் சுடக் கூடாது.

ரிசீவர் எதற்கானது, குழல் எதற்கானது என்பவை தனித்தனிக் கேள்விகள். 870-இன் குழலைக் கழற்றி வேறு மாட்டுவது ஐந்து நிமிட வேலை. அதனால் ஐம்பது வருடப் பழைய துப்பாக்கியில் அதன் சொந்தக் குழல்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குழலின் இடது பக்கம், ரிசீவரை ஒட்டி, கேஜும் அறை நீளமும் சோக்கும் (முனையின் குறுகல் அளவு) பொறித்திருக்கும். 3 அங்குலக் குழலை 'வி' ரிசீவரில் மாட்டலாம். ஆனால் 2¾ தோட்டா மட்டும்தான் போட வேண்டும். நீளத் தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே வரும் அளவுக்கு அந்த ரிசீவரில் கூட்டை வெளியே எறியும் தள்ளியும், கூடு வெளியேறும் வாயும் அமையவில்லை, சிக்கி நிற்கும். பொறிப்பு தேய்ந்து படிக்க முடியாவிட்டால், துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் அறை அளவுகோல் இருக்கும், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

2¾ அங்குலம் மட்டும் என்பது வான்கோழிக்குக் குறையா? 35 கெஜத்துக்குள் சுடுபவருக்கு இல்லை. 2¾-இலேயே 1½ அவுன்ஸ் ஈய ரவை வைத்த மேக்னம் தோட்டா கிடைக்கிறது. 5-ஆம் எண் ரவை அவுன்சுக்குச் சுமார் 170 என்றால், தோட்டாவுக்கு 255 ரவை. தலையும் கழுத்தும்தான் இலக்கு. அதற்கு இது போதும். ஆகவே விங்மாஸ்டரைத் தள்ள வேண்டாம். மேக்னம் விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

என் கருத்தில் வான்கோழிக்குப் பழைய பம்ப் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது துப்பாக்கியை அல்ல, குழலின் கடைசி இரண்டு அங்குலத்தை. ரிசீவரின் பளபளப்பு, வால்நட் கட்டையின் செதுக்கல் எல்லாம் கண்ணுக்கு. ரவை கொத்தாகப் போகுமா, பரந்து போகுமா என்பதைச் சோக்தான் தீர்மானிக்கிறது. சோக் என்பது குழல் முனையில் உள்ள குறுகல். 12 கேஜ் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ.; ஃபுல் சோக்கில் முனை சுமார் 17.6 மி.மீ. ஆகிவிடும். வான்கோழிக்கென்றே செய்த, முனையில் திருகி மாட்டும் சோக் ட்யூப்கள் 16.8 மி.மீ. வரை இறுக்கும்.

கடையில் இதைச் சோதிக்க பத்து சென்ட் காசு ஒன்று போதும். அதன் விட்டம் 17.91 மி.மீ. துப்பாக்கி காலி என்று உறுதி செய்து, செயலமைப்பைத் திறந்து வைத்து, காசைக் குழல் வாயில் தட்டையாக வையுங்கள். உள்ளே இறங்காமல் விளிம்பில் நின்றால் குறுகல் இருக்கிறது, ஃபுல் அல்லது அதற்கு மிக அருகில். விழுந்தால், குழலில் 'ஃபுல்' என்று பொறித்திருந்தாலும் அது ஃபுல் இல்லை. அப்படி விழுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: யாரோ குழலை அறுத்திருக்கிறார்கள். புதருக்குள் தூக்க வசதி என்று முனையில் இரண்டு மூன்று அங்குலம் வெட்டிவிடுவது அந்தக் காலப் பழக்கம். சோக் இருந்ததே அந்த இரண்டு மூன்று அங்குலத்தில்தான். சந்தேகமிருந்தால், செயலமைப்பை மூடி, சுத்தம் செய்யும் கம்பியை முனை வழியாகப் போல்ட் (அறையின் பின்புறத்தை அடைக்கும் பகுதி) முகம் வரை விட்டு அடையாளமிட்டு அளந்து பாருங்கள். 28 இருக்க வேண்டியது 25½ இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. முனை விளிம்பு சாய்ந்திருப்பது, குறி பார்க்கும் முன் மணி கோணலாக அல்லது புதுப் பற்றாசோடு இருப்பது, ரிப் (குழலின் மேல் ஓடும் பட்டை) கடைசித் தூணுக்கு முன்பே முடிவது எல்லாம் அதே கதையைச் சொல்லும். 18 அங்குலத்துக்குக் கீழே போன குழலைத் தொடவே தொடாதீர்கள், அது தனிச் சட்டச் சிக்கல்.

அடுத்து குழலின் உள்பக்கம். கழற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, மெதுவாகச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் கறுப்பு வளையம் போல நிழல் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது. சேறோ அடைப்போ இருக்கும்போது சுட்டதால் வருவது. கண்ணுக்குத் தெரியாததைக் கை பிடித்துவிடும்: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் குழல் முழுக்க இழுங்கள், மேடு தட்டும். உப்பிய குழலுக்கு மருத்துவம் இல்லை, குழலை மாற்ற வேண்டும். லேசான துருக்குழிகள் வேறு விஷயம். குழலுக்குள் சிறு குழிகள் இருந்தால் ரவைக் கொத்து பெரிதாகக் கெடாது. தோட்டா அறைக்குள் குழி இருந்தால் மட்டும் தள்ளுங்கள். சுட்டபின் கூடு அதில் கவ்விக்கொண்டு, பம்பை (முன்கைப் பிடியை) இழுத்தாலும் வராது.

அறை சொரசொரப்பாக இருப்பது பழைய துப்பாக்கிக்கு மட்டும் உரிய குறை அல்ல. 870-இலேயே 1987-இல் வந்த எக்ஸ்பிரஸ் வகையில் அறையின் மெருகு விங்மாஸ்டர் அளவுக்கு வராது. மேல்பூச்சும் துருவை எளிதில் பிடிக்கும். அதனால்தான் எக்ஸ்பிரஸைவிடப் பழைய விங்மாஸ்டரைத் தேடி வாங்குகிறார்கள், காரணமில்லாமல் இல்லை. சொரசொரப்பு மட்டும்தான் என்றால் துளைக்கருவியில் தூரிகை மாட்டி, எண்ணெய் தொட்ட மெல்லிய எஃகு நாரைச் சுற்றி அறையை மட்டும் மெருகேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி செயலமைப்பு. பையில் நான்கு போலித் தோட்டாக்கள் கொண்டு போங்கள், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். உண்மைத் தோட்டாவைக் கடைக்குள் போட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. நாலையும் மேகசினில் ஏற்றி, ஒரு முறை வேகமாக, ஒரு முறை வேண்டுமென்றே மெதுவாகப் பம்ப் செய்யுங்கள். மெதுவாகச் செய்யும்போதுதான் குறை வெளியே வரும். ஒரே இழுப்பில் இரண்டு தோட்டா வெளியே வந்தாலோ, ஒன்று தோட்டாவைத் தூக்கும் தகட்டுக்கு அடியில் நழுவினாலோ, தோட்டாக்களை ஒவ்வொன்றாக விடும் தடுப்பான் தேய்ந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. 870-இல் இந்தத் தடுப்பான்கள் இரண்டும் ரிசீவரின் உள்சுவரில் தட்டி இறுக்கப்பட்டவை. தளர்ந்தால் மீண்டும் இறுக்கத் தனிக் கருவி வேண்டும். தள்ளியும் அங்கே ரிவெட் அடித்தது, மாற்ற ஆள் தேவை. மாஸ்பெர்க் 500-இல் தள்ளி ஒற்றைத் திருகில் நிற்கிறது, வீட்டிலேயே மாற்றலாம். பழுது பார்க்கும் எளிமையில் 500 முந்துகிறது.

விங்மாஸ்டரைத் தலைகீழாகத் திருப்பி, தோட்டாவைத் தூக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் 'யு' வடிவத்தில் ஒரு வெட்டு இருந்தால் 1980-களில் வந்த வளையும் நாக்கு உள்ள வகை. வெட்டில்லாத முழுத் தகடு என்றால் அதற்கு முந்தையது. பழைய வகையில் தோட்டா நழுவித் தகட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டால் பம்ப் இறுகிவிடும், காட்டில் நின்றுகொண்டு விடுவிக்க முடியாது. தடுப்பான்கள் நன்றாக இருந்தால் இது நடப்பது அபூர்வம். எனவே இதற்காகத் துப்பாக்கியை ஒதுக்க வேண்டாம், தடுப்பான்களைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

பாதுகாப்புச் சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். காலி என்று கண்ணாலும் சுண்டு விரலாலும் உறுதி செய்தபின், அறையில் ஒரு போலித் தோட்டா. சேஃப்டியைப் போட்டு விசையைப் பலமாக இழுங்கள். சுத்தி விழக் கூடாது. விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை விடுவியுங்கள். அப்போதும் விழக் கூடாது. விழுந்தால் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். அடுத்து, சேஃப்டி இல்லாமல், கட்டையின் அடியை ரப்பர் விரிப்பின்மேல் ஓரளவு அழுத்தமாகத் தட்டுங்கள், விழக் கூடாது. கடைசியாக, விசையை இழுத்துப் பிடித்தபடியே பம்பைத் திறந்து மூடுங்கள். 870-இலும் 500-இலும் ஒன்றும் நடக்காது. வின்செஸ்டர் மாடல் 97, மாடல் 12, பழைய இத்தாக்கா 37 ஆகியவற்றில் பம்ப் மூடிய நொடியே சுத்தி விழும். அது குறை இல்லை, அவற்றின் வடிவமைப்பே அப்படி. பம்ப் மூடும்போது விசையில் விரல் வைக்காத பழக்கம் வரும்வரை அந்த மூன்றையும் புதிதாக வேட்டைக்கு வருபவர் வாங்க வேண்டாம் என்பேன்.

கட்டையில் ஒரே ஓர் இடம்தான் முக்கியம்: ரிசீவரை ஒட்டிய மெல்லிய கழுத்து. இழையோடு ஓடும் மயிரிழை வெடிப்பு அங்கேதான் தொடங்கும், கனமான தோட்டாவின் உதை அதைப் பிளக்கும். எண்ணெய் ஊறிக் கறுத்த மரத்தில் வெடிப்பு தெரியாது. கட்டையைக் கொஞ்சம் முறுக்கினால் திறந்து மூடும். அடி ரப்பர் கல்லாகியிருக்கும், அது பெரிய செலவில்லை. திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ சரியான கருவி இல்லாமல் உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள், மற்ற சோதனைகளை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள்.

மாஸ்பெர்க் 500 பற்றி. 1960-களின் தொடக்கத்தில் வந்தது, அலுமினிய ரிசீவர், கட்டைவிரலுக்கு நேராக மேலே சேஃப்டி. இடது கைக்காரருக்கு இதுதான் வசதி. 12 கேஜில் 3 அங்குலத் தோட்டா எடுக்கும், ஆனாலும் குழல் பொறிப்பைப் படியுங்கள். முன்கைப் பிடியைப் போல்ட்டோடு இணைக்கும் தண்டு ஒன்றா இரண்டா என்று பார்ப்பது நல்லது. 1970 வாக்கில்தான் இரட்டைத் தண்டு வந்தது. ஒற்றைத் தண்டு கோணி இழுத்தால் இறுகும், உதிரியும் எளிதில் கிடைக்காது. சேஃப்டிப் பொத்தான் பிளாஸ்டிக், வயதாகி நொறுங்கும். மலிவாக உலோகத்தில் மாற்றலாம். குழல் முனையில் திருகு ட்யூப் இருந்தால் 500 உங்கள் விங்மாஸ்டரை விலையிலும் பயனிலும் வென்றுவிடுகிறது. ட்யூப் கழலுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பத்து வருடம் கழற்றாத ட்யூப் குழலோடு ஒன்றாகிவிட்டிருக்கும். துரு இளக்கும் எண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்தும் வராவிட்டால் குழல் செலவு உங்கள் தலையில். மாஸ்பெர்க் அக்யூ-சோக், வின்செஸ்டர் வின்சோக், பிரவுனிங்கின் பழைய இன்வெக்டர் மூன்றுக்கும் ஒரே மரை. ரெமிங்டனின் ரெம் சோக் தனி, 1986-இல் வந்தது. மாஸ்பெர்க் 835-இன் குழல் அகலமானது, அதன் ட்யூப்பும் குழலும் 500-க்குப் பொருந்தாது.

சியர்ஸ், மான்ட்கமரி வார்ட் போன்ற பழைய பெருங்கடைகளின் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் மலிவாகக் கிடைக்கும். வெஸ்டர்ன் ஃபீல்ட் என்ற பெயரில் வந்த பல உண்மையில் மாஸ்பெர்க் செய்தவை, நல்ல சரக்கு. உதிரி கிடைக்குமா என்று எந்த மாடலின் நகல் என்பதைக் கண்டுபிடித்த பிறகே பணத்தை எடுங்கள். பழைய 16 கேஜ் கண்ணில் பட்டால் கூடுதல் எச்சரிக்கை: 1920-களுக்கும் அதற்கும் முந்தியவற்றில் 2 9/16 அங்குல அறை உண்டு, இன்றைய 2¾ தோட்டா அதில் நுழைந்துவிடும்.

ரவை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய குழலை அது கெடுக்கும். இப்போது வான்கோழிக்காரர்கள் டி.எஸ்.எஸ். எனப்படும் டங்ஸ்டன் ரவைக்கு மாறிவிட்டார்கள். ஈயத்தின் அடர்த்தி சுமார் 11 என்றால் அதன் அடர்த்தி 18, அதனால் மிகச் சிறிய 9-ஆம் எண் ரவையே போதும், அவுன்சுக்கு 360 வரை. ஆனால் அது இரும்பைவிடக் கடினம், நசுங்காது. உங்கள் விங்மாஸ்டரின் கழற்ற முடியாத ஃபுல் சோக் ஈயத்துக்காகச் செய்யப்பட்டது. அதில் டி.எஸ்.எஸ்., பெரிய எஃகு ரவை இரண்டையும் தவிருங்கள். ஈயமும் பிஸ்மத்தும் பிரச்சினையில்லை. டங்ஸ்டன்தான் வேண்டுமென்றால் ரெம் சோக் குழல் ஒன்று வாங்கி மாட்டி, அதற்கென்று சொல்லப்பட்ட ட்யூப் போட்டு, 2¾ தோட்டாவிலேயே சுடலாம். வட கரோலினாவில் வான்கோழிக்கு ஈயம் வழக்கம். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. அங்கே குடிபெயரும் எண்ணம் இருந்தால் நிலையான ஃபுல் சோக் உங்களுக்கு வேண்டாம்.

விசா விஷயம்தான் பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்வது. எச்-1பி உட்படக் குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். எனவே வரிசை மாறக் கூடாது: முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, அடுத்து உரிமம், அதன் பிறகே கடை. அடகுக் கடையும் உரிமம் பெற்ற விற்பனையாளர்தான்; துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் ஐ-94 எண்ணோடு (நாட்டுக்குள் நுழைந்ததன் பதிவு எண்) இந்த விதிவிலக்கையும் குறிப்பிட்டு உரிமத்தின் நகலைக் கொடுக்க வேண்டும், பின்னணிச் சோதனையும் நடக்கும். உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடுகிறது, அலமாரியில் சும்மா இருக்கும் துப்பாக்கியும் குற்றமாகிவிடும். உரிமம் முடியும் தேதியை நாட்காட்டியில் ஒரு மாதம் முன்பே குறித்து வையுங்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் நிலைமையில் வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்பது 300 டாலர் துப்பாக்கிக்கு அதிகமாகத் தோன்றலாம். பணயம் துப்பாக்கி அல்ல, விசா. சீரியல் எண் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் கையில்கூட எடுக்காதீர்கள். 1968-க்கு முந்தைய சில மலிவுத் துப்பாக்கிகளில் எண்ணே பொறிக்கப்பட்டதில்லை, அது குற்றமல்ல. எண் இருந்து அழிக்கப்பட்டதுதான் குற்றம்.

வாங்கிய பிறகு, சீசனுக்கு ஒரு மாதம் முன்பே தாளில் சுட்டுப் பாருங்கள். மூன்றடிக்கு மூன்றடித் தாள், நடுவில் ஒரு புள்ளி, 40 கெஜம். காட்டில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துதானே சுடப் போகிறீர்கள், அதே மாதிரி தரையில் உட்கார்ந்து முழங்கால்மேல் தாங்கிச் சுடுங்கள். ஒரே வகைத் தோட்டாவில் மூன்று, ஒவ்வொன்றுக்கும் புதுத் தாள். பிறகு ரவை எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே 10 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். 100 இருந்தால் 40 கெஜத் துப்பாக்கி. 60 இருந்தால் தூரத்தை 30-க்குக் குறைத்து மீண்டும் எண்ணுங்கள். 100 வரும் தூரம்தான் உங்கள் எல்லை. 5-ஆம் எண்ணுக்குப் பதில் 6-ஐப் போட்டாலோ, தோட்டா நிறுவனத்தை மாற்றினாலோ அதே குழலில் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிய மாறும். பழைய குழல்களுக்குப் பிடிவாதம் அதிகம், இரண்டு மூன்று வகை வாங்கித்தான் ஆக வேண்டும்.

எண்ணிக்கையைப் போலவே வட்டத்தின் மையமும் முக்கியம். பழைய குழல் எங்காவது லேசாக வளைந்திருக்கும். கொத்து புள்ளிக்கு ஆறு அங்குலம் இடப்புறம் விழுந்தால் தோட்டா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கோழி பறந்துவிடும். ஒற்றை மணியோடு விட்டால் இதைத் திருத்த வழியில்லை. ரிப்பில் கவ்வும் சிறு நோக்குக்கருவி ஒன்றைப் பொருத்தினால் திருத்தலாம். அல்லது ரிசீவரில் துளையிட்டு மரை போட்டுச் சிவப்புப் புள்ளிக் கருவி வைக்கலாம். பழைய விங்மாஸ்டரில் அந்தத் துளை இருக்காது. 300 டாலரோடு குழல், ட்யூப், துளை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, தொகை மாஸ்பெர்க்கின் மலிவு பம்பான மேவரிக் 88-இன் புது விலையைத் தாண்டினால், தாண்டுகிற பணம் வால்நட்டுக்கும் பழைய வேலைப்பாட்டுக்கும் கொடுப்பது என்று தெரிந்தே கொடுங்கள். உங்கள் விஷயத்தில் காசு விளிம்பில் நின்று, தடுப்பான்களும் சரியாக இருந்தால், விங்மாஸ்டரை 260-க்குக் கேட்டுப் பாருங்கள். 500-இல் ட்யூப் கழன்றால் அதையே எடுங்கள்.

விங்மாஸ்டரின் பளபளப்பு வான்கோழியின் கண்ணுக்குக் கண்ணாடி போல. காட்டு நிறங்கள் கொண்ட உருமறைப்புத் துணி நாடா சுற்றினால் போதும், பெயிண்ட் அடித்து விலையைக் கெடுக்காதீர்கள். பனியில் நனைந்த நாடா ஈரத்தைக் குழலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். சீசன் முடிந்த அன்றே உரித்து, எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். ஜூன் வரை விட்டால் நாடாவின் வடிவத்திலேயே துரு படிந்திருக்கும்.